பையோடு ஓடுகிறவர் யாருடைய ஆள்?

கேமரன் மலைத் தோட்டங்களில் பந்து விளையாட்டு பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு பையன் விழுந்து எழாமல் கிடக்கிறான். நடுவர் விசிலடித்து முடிப்பதற்குள் திடலோரத்திலிருந்து ஒருவர் ஓடத் தொடங்கியிருப்பார். தோளில் ஒரு பை. உள்ளே பஞ்சு, கட்டுத்துணி, வலி போக்கும் ஸ்ப்ரே, ஐஸ். ஒரு காலத்தில் அவர் தோட்டத்து டிரஸ்ஸர். இன்று அரசாங்கக் கிளினிக்கின் உதவி மருத்துவ அதிகாரியாக இருக்கலாம், செம்பிறைச் சங்கத் தொண்டராக இருக்கலாம், முதலுதவி வகுப்புக்குப் போய்வந்த தேயிலை ஆலைப் பணியாளராகவும் இருக்கலாம்.

"தலையில பட்டிருக்கு தம்பி, வெளிய வா" என்கிறார் அவர்.

"விடுண்ணே, ஒண்ணுமில்ல" என்று பையன் கையைத் தட்டிவிடுகிறான். அவர் மறுபடி தோளைப் பிடிக்க, நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறான். அவர் பையோடு மல்லாந்து விழுகிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆட்டம் தொடர்கிறது. சாயங்காலம் கோயில் வாசலில் பெரியவர்கள் இருவரையும் கைகுலுக்க வைத்து, விஷயம் முடிந்தது என்கிறார்கள்.

அடித்தது நடுவரை என்றால் இப்படிச் சிரித்து விட்டிருப்பார்களா? மாட்டார்கள். நடுவர் மேல் கை வைத்தால் ஆண்டுக் கணக்கில் தடை வரும் என்று பத்து வயதுப் பையனுக்கும் தெரியும். மருந்துப் பையோடு வருபவர் மேல் கை வைத்தால் என்ன நடக்கும் என்று கேட்டால் அணித் தலைவர்களே விழிப்பார்கள். அதில் அவர்கள் தவறு பாதிதான். விதிப்புத்தகங்களே அந்த மனிதரை ஓரத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கின்றன.

பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மோதல் மிகுந்த ஆட்டம். மருத்துவ ஆட்கள் அடிக்கடி திடலுக்குள் ஓடிவருகிற ஆட்டம். அதன் சர்வதேச விதிகளின் 15ஆம் பிரிவு ஒழுங்கீனங்களை வரிசைப்படுத்துகிறது. இன்னொரு ஆட்டக்காரரை உதைப்பது, அடிப்பது, காலை இடறிவிடுவது உண்டு. நடுவரின் தீர்ப்போடு வாதிடுவது உண்டு. ஆபாசமாகப் பேசுவது உண்டு. மருத்துவ ஆளைத் தள்ளுவது என்று தனியாக ஒரு வரி கிடையாது. 'ஆட்டத்தின் உண்மையான உணர்வுக்கு மாறாக நடப்பது' என்ற பொது வலைக்குள்தான் அதைப் பிடித்துப் போட வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்கில் அந்த வலை நன்றாகவே வேலை செய்கிறது. ஆட்டம் முடிந்ததும் மறுபரிசீலனைக் குழு காணொளியைப் பார்க்கும்; குற்றத்துக்குத் தரம் போட்டுக் குற்றச்சாட்டு அனுப்பும்; ஆட்டக்காரர் சீக்கிரமே ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும்; மறுத்தால் விசாரணைக் குழுவின் முன் போய் வாதாடலாம். நம் தோட்டத் திடலில் காணொளி என்பது யாரோ ஒருவருடைய கைப்பேசி, குழு என்பது நாலு பெரியவர்கள். ஆனாலும் அந்த வரிசை நமக்கும் பொருந்தும்: முதலில் சாட்சியம், பிறகு எழுத்தில் குற்றச்சாட்டு, பிறகு ஆட்டக்காரரின் பதில், கடைசியில்தான் தண்டனை.

நம் மக்கள் ஆடுவது ரக்பி அல்லவே என்பீர்கள். சரிதான். மலாயாவில் ரக்பி துரைமார்களின் ஆட்டமாக வந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தது காற்பந்து. அதன் 12ஆம் விதி இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசுகிறது. வன்முறை நடத்தைக்குச் சிவப்பு அட்டை. எதிராளியிடம் மட்டுமல்ல, சொந்த அணிக்காரர், அணி அதிகாரி, நடுவர், பார்வையாளர், வேறு எவரிடம் காட்டினாலும் அதே அட்டை. அவமதிக்கும் வசைக்கும் சிவப்புதான். ஆகவே அந்தத் தள்ளலை நடுவர் கண்டும் காணாததுபோல் விட்டிருந்தால், விதியில் இடமில்லாததால் அல்ல.

ஆனால் அட்டைக்குப் பிறகு வரும் தடையில்தான் வேறுபாடு இருக்கிறது. ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பின்படி போட்டி அதிகாரியைத் தாக்கினால் குறைந்தது 15 ஆட்டத் தடை. எதிராளியையோ போட்டி அதிகாரி அல்லாத வேறொருவரையோ தாக்கினால் குறைந்தது 3 ஆட்டம். இரண்டும் குறைந்தபட்ச அளவுதான், குழு விரும்பினால் கூட்டலாம். இருந்தாலும் பதினைந்துக்கும் மூன்றுக்கும் நடுவே நிற்கிறார் நம் பைக்காரர். அணி கூட்டிவந்தவர் என்றால் அவர் 'வேறொருவர்'. போட்டியை நடத்துகிறவர்கள் பொறுப்புக் கொடுத்து நியமித்தவர் என்றால், அவரையும் போட்டி அதிகாரியாகப் பார்க்க அதே தொகுப்பின் விளக்கத்தில் வழி இருக்கிறது. பை ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான். யாருடைய ஆள் என்பதை வைத்து அவருக்கான பாதுகாப்பு ஐந்து மடங்கு கூடுகிறது, அல்லது குறைகிறது.

இந்தக் கேள்வியை உலகமே பார்க்க எழுப்பிய சம்பவம் 2015 ஆகஸ்டு 8 அன்று லண்டனில் நடந்தது. செல்சியும் சுவான்சியும் 2–2 என்று சமநிலையில் இருந்தன. செல்சியின் கோல்காவலர் ஏற்கெனவே வெளியேற்றப்பட்டு, அணியில் பத்துப் பேர்தான் மிச்சம். கடைசி நிமிடங்களில் ஈடன் அசார் விழுந்தார். நடுவர் கைகாட்டி அழைத்தார்; அணி மருத்துவர் ஈவா கார்னெய்ரோ ஓடினார். மருத்துவம் பெற்றவர் விதிப்படி வெளியே போய்த்தான் திரும்ப வேண்டும் என்பதால் அணி சிறிது நேரம் ஒன்பது பேராகச் சுருங்கியது. பயிற்றுநர் ஜோசே மொரின்யோ ஓரத்தில் நின்று கத்தினார்; ஆட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் என்று செய்தியாளர்களிடமும் சாடினார். கார்னெய்ரோ ஆட்ட நாள் பணியிலிருந்து ஒதுக்கப்பட்டார், அடுத்த மாதமே வெளியேறினார்.

இங்கே தவறு செய்தவர் ஆட்டக்காரர் அல்ல, பயிற்றுநர். ஆனாலும் தீர்வு தேடிய பாதை நமக்குப் பாடம். இங்கிலாந்துக் காற்பந்து சங்கம் மொரின்யோ மீதான புகாரை ஆராய்ந்து, பாகுபாட்டுச் சொல் எதுவும் இல்லை என்று முடித்தது. அந்த விசாரணையில் தன்னிடம் வாக்குமூலமே கேட்கவில்லை என்றார் கார்னெய்ரோ. அவர் வேலைவாய்ப்பு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2016 ஜூனில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கிளப் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. விளையாட்டுச் சங்கம் கதவை மூடிய பிறகு தொழிலாளர் சட்டத்தின் கதவு திறந்தது. நம் நாட்டிலும் இந்த இரண்டாவது கதவு உண்டு.

அதற்கு முன் இன்னொன்று. மருத்துவரிடம் முறைகேடாக நடப்பது என்றால் தள்ளுவது, திட்டுவது மட்டும் அல்ல. 2009 ஏப்ரலில் ஹார்லக்குயின்ஸ் ரக்பி அணி, ஆள் மாற்றுவதற்காக ஒரு ஆட்டக்காரரின் வாயில் போலி இரத்தக் குப்பியைக் கடிக்க வைத்தது. குட்டு வெளிப்படாமல் இருக்க, உடைமாற்றும் அறையில் அந்த ஆட்டக்காரர் அணி மருத்துவரிடம் தன் உதட்டைக் கீறிவிடச் சொன்னார். மருத்துவர் இணங்கிவிட்டார். பயிற்றுநருக்கு மூன்று ஆண்டுத் தடை. ஆட்டக்காரருக்கு விதித்த பன்னிரண்டு மாதத் தடை மேல்முறையீட்டில் நான்காகக் குறைந்தது. மருத்துவரோ தன் உரிமத்துக்காகத் தொழில்முறை மன்றத்தின் முன் நிற்க வேண்டியதாயிற்று, எச்சரிக்கையோடு தப்பினார். தோட்டத்தில் இதன் சின்ன வடிவங்கள் நமக்குப் பழக்கமானவை: "ஊசி போட்டு விடுங்க, ஆடிடுவான்", "எம்சி எழுதிக் குடுங்கண்ணே, நாளைக்கு வேலைக்கு முடியாது." கேட்பவருக்கு ஒரு நாள் லாபம். எழுதிக் கொடுப்பவர் பதிவையே பணயம் வைக்கிறார். உதவி மருத்துவ அதிகாரிகளுக்கு 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும், தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பதிவு உண்டு. பதிவு போனால் பிழைப்புப் போகும்.

இப்போது மலேசியச் சட்டத்துக்கு வருவோம். இங்கேயும் முதல் கேள்வி அதேதான், யாருடைய ஆள்?

பணியில் இருக்கும் அரசாங்க ஊழியர் என்றால் குற்றவியல் சட்டம் கடுமையாகப் பேசும். கடமையைச் செய்யவிடாமல் தடுக்க அவர் மேல் பலத்தைப் பயன்படுத்தினாலே 353ஆம் பிரிவு; இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். காயம் ஏற்படுத்தினால் 332ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை. கிளினிக்கிலிருந்து அதிகாரபூர்வமாக அனுப்பப்பட்டவர் திடலில் நின்றாலும் கடமையில்தான் நிற்கிறார். அதே ஆள் விடுமுறை நாளில் நண்பர்களுக்காகப் பையைத் தூக்கி வந்திருந்தால், கடமையில் இருந்தார் என்று சொல்வது கடினமாகிவிடும்.

தோட்டம் சம்பளம் கொடுக்கும் ஊழியருக்கும் தொண்டருக்கும் இந்த இரண்டு பிரிவுகளும் இல்லை. சாதாரணக் குடிமகனுக்குரிய பிரிவுகள்தான்: காயம் விளைவித்தால் 323, ஓராண்டு வரை சிறை அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், காயமில்லாத தாக்குதலுக்கு 352, மூன்று மாதம் அல்லது 1,000 ரிங்கிட், "வெளிய வா, பார்த்துக்கிறேன்" என்ற மிரட்டலுக்கு 506. 323 பிடியாணை இல்லாமல் கைது செய்யும் குற்றம் அல்ல. போலீஸ் உடனே வண்டியனுப்பி ஆளைத் தூக்கவில்லையே என்று பலர் மனம் வெறுத்துப் புகாரையே விட்டுவிடுவது இதனால்தான். விட வேண்டாம். புகார் எண்தான் பின்னால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கும், தொழிலாளர் இலாகாவுக்கும், விளையாட்டுச் சங்கத்துக்கும் ஆதாரம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளரைத் தாக்குவதற்கு எதிராக 2008இல் தனிச் சட்டமே வந்தது. அதுவும் மருத்துவமனையை மனத்தில் வைத்து எழுதியது, திடலை அல்ல.

தாதியாகவோ தொண்டராகவோ வருபவர் பெண்ணாக இருந்தால் சீண்டலும் சேர்ந்துகொள்கிறது. காயம்பட்டதாக நடித்துக் கையைப் பிடிப்பது, கூட்டத்திலிருந்து விழும் கொச்சைச் சொற்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணுக்கே அறிவுரை சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் இதற்கென்றே ஒரு நடுவர் மன்றத்தை அமைத்திருக்கிறது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு தர உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. சீண்டியவர் முதலாளியாகவோ உடன் வேலை செய்பவராகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தோட்ட ஊழியர் நிர்வாகம் சொல்லித்தான் திடலுக்குப் போனார் என்றால் அது வேலை. அங்கே பட்ட அடி வேலையிடக் காயம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் இந்த வேலைக்காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். 'வாயால் சொன்னேன்' என்பதற்கும் 'கடிதம் கொடுத்தேன்' என்பதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியவரும். பிரச்சினை வந்தபின் நிர்வாகத்தில் யாரும் தான் அனுப்பியதாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி அந்தப் பையன் பக்கம். அவனைப் பற்றி இதுவரை குற்றவாளிபோலவே எழுதி வந்திருக்கிறேன்; அது முழுக்க நியாயமல்ல.

தலையில் அடிபட்டவன் ஏன் கையைத் தட்டிவிட்டான்? திமிராக இருக்கலாம். ஆனால் மூளையதிர்ச்சியை அடையாளம் காண உலகெங்கும் பயன்படும் கையேட்டில், உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய அபாய அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. கழுத்து வலி, இரட்டைப் பார்வை, கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, கை கால் மரத்துப்போதல், சுயநினைவு மங்குதல். அந்த வரிசையிலேயே, மேலும் மேலும் படபடத்து, எரிச்சலடைந்து, சண்டைக்கு நிற்பதும் இருக்கிறது. அதாவது பைக்காரரைத் தள்ளிய அந்தத் தள்ளலே நோயின் அறிகுறியாக இருந்திருக்கலாம். சிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டவர்கள் ஒரு ஒழுங்கீனத்தை மட்டும் மன்னிக்கவில்லை. ஒரு அபாய அறிகுறியையும் கவனிக்காமல் விட்டார்கள்.

மூளையதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே அன்றைக்கு அவன் திரும்ப ஆடக்கூடாது. இதில் பேரமே இல்லை. ஆஸ்திரேலிய லீக்கில் 2022 முதல், எந்த அணியையும் சாராத மருத்துவர் ஒருவர் காணொளியைப் பார்த்தே ஆட்டக்காரரை வெளியே அழைக்கும் ஏற்பாடு வந்தது. 'போ' என்று சொல்கிறவர் அணியின் சம்பளக்காரராக இல்லாதபோது அவர்மேல் கோபப்படுவதிலும் பயனில்லை, கெஞ்சுவதிலும் பயனில்லை. நம் மலையில் இதன் தேவை இன்னும் கூடுதல். தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அதைவிடப் பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ வளைந்து வளைந்து மலையிறங்க வேண்டும். போ தோட்டத்திலிருந்தோ சுங்கை பாலாஸிலிருந்தோ, மழையிலும் வாரக்கடைசி நெரிசலிலும் அந்த வண்டி ஊர்வதை நினைத்துப் பார்த்தால், வெளியே வா என்றவரின் அவசரம் புரியும்.

ஆகவே ஒழுங்கு விசாரணைக்கு முன் மருத்துவப் பரிசோதனை. அன்றிரவே ஆளை உட்காரவைத்து மன்னிப்புக் கடிதம் எழுத வைப்பது இரண்டு விதத்தில் தவறு. தலை கலங்கியவனின் எழுத்துக்கு மதிப்பில்லை. அவன் அப்போது இருக்க வேண்டிய இடமும் அதுவல்ல. பரிசோதனையில் அடி ஒன்றுமில்லை என்று தெரிந்தால் தண்டனை முழுதாக வரட்டும். அடி உண்டு என்றால் அதுவும் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும்.

தோட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்டக்காரன் அதே தோட்டத்தின் தொழிலாளி. தள்ளப்பட்டவர் அதே தோட்டத்தின் ஊழியர். ஞாயிறு மாலை ஆட்டத் தடை, திங்கள் காலை வேலை நீக்கக் கடிதம் என்று இரண்டும் ஒன்றாக வந்து விழலாம். ஆட்டத் தடையை விளையாட்டுக் குழு விதிக்கலாம். வேலையில் கைவைக்க வேண்டுமானால் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி முறையான விசாரணை நடக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் தற்காலிகமாக நிறுத்தினால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது, பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும்; குற்றமில்லை என்று முடிந்தால் பிடித்த பாதியையும் திருப்பித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நடந்தது வேலை ஒழுங்கீனம் ஆகுமா என்பதே வாதத்துக்குரியது. நியாயமின்றி நீக்கினார்கள் என்று கருதினால் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் 60 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். 61ஆம் நாள் போனால் கேட்க ஆளில்லை. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் முதல் வாரத்திலேயே கிளைச் செயலாளரைப் பார்ப்பது நல்லது.

இன்று கேமரன் மலைக் கொழுந்துக் காடுகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதி வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவன் தள்ளினால் கைகுலுக்கல்கூடக் கிடையாது. வேலை போனால் பெர்மிட்டும் போய்விடும். உள்ளூர்ப் பையனுக்கு ஒரு நியாயம், பங்களாப் பையனுக்கு ஒரு நியாயம் என்று போவது நம் தாத்தாக்கள் துரைமார் காலத்தில் பட்டதை நாமே திருப்பிச் செய்வதாகும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

கோயில் வாசல் சமரசத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே லயத்தில், ஒரே வேலைக்காட்டில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள் கைகுலுக்கத்தான் வேண்டும். ஆனால் தள்ளப்பட்டவர் சம்மதிக்காமல் நடக்கும் சமரசம் கார்னெய்ரோவிடம் வாக்குமூலம் கேட்காத விசாரணையின் தோட்டத்துப் பதிப்பு. அவரிடம் தனியாக, கூட்டமில்லாமல், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு நடத்தட்டும். அதற்கு முன் அவர் தன்னளவில் செய்துவைக்க வேண்டியவை சில: அன்றே மருத்துவமனையில் காட்டிக் காயத்தைப் பதிவு செய்வது, போலீஸ் புகார் கொடுத்து நகல் வாங்கிக்கொள்வது, கைப்பேசியில் எடுத்தவரிடமிருந்து காணொளி அழிவதற்குள் பெற்றுக்கொள்வது, நடுவர் தன் அறிக்கையில் சம்பவத்தை எழுதினாரா என்று பார்ப்பது. ஆட்டம் மாவட்டச் சங்கத்தின் அனுமதியோடு நடந்திருந்தால் நடுவர் அறிக்கை சங்கத்தின் ஒழுங்குக் குழுவுக்குப் போகும். அனுமதியில்லாத தீபாவளிக் கிண்ணம், மே தினக் கிண்ணம் என்றால் அந்த ஏற்பாட்டுக் குழுவோடு எல்லாம் நின்றுவிடும். அது விதிக்கும் தடை அடுத்த தோட்டத்தைக்கூடக் கட்டுப்படுத்தாது.

அதனால்தான் ஆட்டத்துக்கு முந்தின நாள் எழுதும் ஒரு தாளைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஏற்பாட்டுக் குழுவின் பெயரில், தலைவர் கையெழுத்தோடு, நாலு வரி போதும். இன்ன தேதி ஆட்டங்களுக்கு இன்னார் மருத்துவப் பொறுப்பாளராக நியமிக்கப்படுகிறார். ஒழுங்கு நடவடிக்கையில் அவர் நடுவருக்குச் சமமான போட்டி அதிகாரியாகக் கருதப்படுவார். ஒருவர் ஆடத் தகுதியற்றவர் என்று அவர் சொன்னால் அதுவே முடிவு; அணித் தலைவரோ பயிற்றுநரோ மாற்ற முடியாது. அவர் தோட்ட ஊழியர் என்றால், நிர்வாகத்தின் உத்தரவின் பேரில் பணியில் இருக்கிறார். தமிழிலும் மலாயிலும் எழுதி, வங்காளம், நேபாளி தெரிந்தவர்களைக் கொண்டு அந்த மொழிகளிலும் எழுதவைத்து, அணித் தலைவர்கள் நாணயம் சுண்டுவதற்கு முன் ஆளுக்கொரு கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் நடுவரிடம், ஒரு நகல் அலுவலகக் கிராணியிடம், ஒரு நகல் அந்தப் பைக்குள்.